இளம் விண்மீனின் புற ஊதா நிறமாலையில் அடையாளம் தெரியாத கோடுகள் – உதவி தேவை

காட்பாடி மாணவி:
அவசரம். திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். இளம் விண்மீன் ஒன்றின் புற ஊதா நிறமாலையை வரைந்தேன். கார்பன் கோடுகள் சரியான இடத்தில் வந்துவிட்டன. அவற்றுக்கு முன்பே ஊசி போன்ற கோடுகள் நிறைய நிற்கின்றன. இவை என்ன?

ஆம்பூர் வாசகர்:
எந்த விண்மீன், எந்தக் கருவி, எந்த அலைநீளம்? எதையுமே சொல்லவில்லையே அம்மா.

வாலாஜா:
பூமியின் மேல்வளிமண்டல ஒளிதான், சந்தேகமே வேண்டாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அங்கே உமிழ்வது ஹபிள் பதிவுகளில் கலந்துவிடும்.

மூத்த உறுப்பினர்:
நிறமாலையியல் பாடநூலை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டுத் தரவைத் திறக்க வேண்டும். இப்போது யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

காட்பாடி மாணவி:
டி.டபிள்யூ. ஹைட்ரே. ஹபிளில் உள்ள காஸ் என்ற நிறமாலைக் கருவி. 1489.6, 1504.8 ஆங்ஸ்ட்ராம்.

வாணியம்பாடி:
ஹபிள் எதற்கு? காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பெறலாமே.

திருப்பத்தூர்க்காரன்:
காவலூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம்.

வாணியம்பாடி:
எங்கள் தாத்தாவுக்கு அது வட ஆற்காடு. பலகையை மாற்றினால் ஜவ்வாது மலை வேறு மலையாகிவிடுமா?

திருப்பத்தூர்க்காரன்:
அரசாணையில் இருப்பதைச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெருமையை வேலூர்க் கணக்கில் எழுதாதீர்கள்.

குடியாத்தம் ஆசிரியர்:
எந்த மாவட்டமானாலும் தரையிலிருந்து 1500 ஆங்ஸ்ட்ராம் தெரியாது. சுமார் 3000-க்குக் கீழே ஓசோனும் ஆக்சிஜனும் தடுத்துவிடும். 2015-ல் ஏவிய நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் புற ஊதாவைப் பார்க்கும். ஆனால் கோடுகளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்காது. வாலாஜா அவர்களே, நீங்கள் சொல்லும் ஒளி முக்கியமாக 1216, 1304 பக்கம் வரும். 1489-ல் அதற்கு வேலையில்லை.

மாணவிக்கு: அவை ஹைட்ரஜன் மூலக்கூறின் கோடுகள். காந்தப்புலத்தின் வழியே வாயு விண்மீனின் மேல் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. அந்த மோதலில் லைமன் ஆல்ஃபா, அதாவது ஹைட்ரஜன் அணு 1216 பக்கம் உமிழும் ஒளி, பெருகுகிறது. சுற்றியுள்ள வட்டின் சூடான மூலக்கூறுகள் 1216.07-ல் அதை விழுங்கி, வேறு அலைநீளங்களில் திருப்பி உமிழ்கின்றன. விழும் வாயுவில் பிறப்பதால்தான் கார்பன் கோடு அகலம். வட்டு வாயு அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை, ஆகவே இவை குறுகல். அழித்துவிடாதீர்கள், கோள்கள் உருவாகும் வட்டின் வாயுவை நேரடியாகக் காட்டுபவை இவைதான்! மூலக்கூறின் அதே மேல் ஆற்றல்நிலையிலிருந்து இறங்கும்போது பிறக்கும் கூட்டாளிக் கோடுகள் 1431.0, 1446.1-ல் இருக்க வேண்டும். தேடிப் பாருங்கள். 1547.3-லும் ஒரு மூலக்கூறுக் கோடு கார்பனோடு ஒட்டி நிற்கும். கார்பனை அளக்கும்போது அதை விலக்கிவிடுங்கள்.

மூத்த உறுப்பினர்:
இதைத்தான் பாடநூலில் படிக்கச் சொன்னேன்.

ஆம்பூர் வாசகர்:
எந்தப் பாடநூல், எந்த அத்தியாயம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பயன்பட்டிருக்கும்.

காட்பாடி மாணவி:
1431.0, 1446.1 இரண்டும் இருக்கின்றன. 1547.3-லும் சிறு மேடு தெரிகிறது. நன்றி ஐயா.

வாலாஜா:
1304 பகுதியையும் வரைந்து பாருங்கள். அங்கே நான் சொன்ன ஒளிதான் இருக்கும்.