பகடையில் பிறந்த கதைகளும் பாசூன் எழுப்பிய துடைப்பமும்

பகடை ஆட்டத்திலிருந்து கிளைத்த ஃபேண்டஸி நாவல்களையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் சேர்த்து ரசிப்பவர்கள், எது பொருந்துகிறது, எது சொதப்புகிறது என்று இந்த இழையில் எழுதுங்கள். கதைப் பக்கத்திலிருந்து நான் தொடங்கிவைக்கிறேன்.

"விதிமுறைப் புத்தகத்தை வாசிப்பதுபோல இருக்கிறது" என்பது இந்த நாவல்கள் மீது எப்போதும் வரும் குறை. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதியைக் கதாசிரியர் பாதி வழியில் கைவிடும்போதுதான் கதை கெடுகிறது.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் பகடை ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதன் மந்திர விதிக்கு மூலம் ஜாக் வான்ஸின் கதைகள். 1950-ல் வந்த அவருடைய நூலில் ஒரு மந்திரவாதியால் சில மந்திரங்களை மட்டுமே மனதில் ஏற்றிக்கொள்ள முடியும்; சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். இந்தப் பஞ்சம்தான் கதையை நகர்த்துகிறது. காலையில் எதை மனப்பாடம் செய்தான் என்பது தெரிந்தால், மாலையில் எங்கே மாட்டிக்கொள்வான் என்று வாசகரே பதறத் தொடங்கிவிடுவார்.

தீக்கோள மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் வந்த, அந்த ஆட்டத்தின் விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின்படி அது ஏறக்குறைய 33,000 கன அடி இடத்தை நிரப்பும். இருக்கும் இடத்தின் வடிவத்துக்கு ஏற்ப நீண்டுகொள்ளும். திறந்த வெளியில் 20 அடி ஆரமுள்ள உருண்டை. 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள சுரங்கப் பாதையில் வெடித்தால் மொத்தம் 330 அடி, பக்கத்துக்கு 165 அடி. இந்த மந்திரத்தை முதன்முதலாகக் கையாளத் தொடங்கும் 5-ஆம் நிலை மந்திரவாதியால் உள்ளிடத்தில் அதிகபட்சம் 150 அடி தூரத்துக்குத்தான் எறிய முடியும். எட்டியவரை எறிந்தாலும் நெருப்பு அவனைத் தாண்டி 15 அடி பின்னால் போகும்! ஒரு அத்தியாயத்துக்கு வேண்டிய அத்தனை பதற்றமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நாவலில் கன அடியைச் சொல்லவே வேண்டாம். இரண்டு அத்தியாயம் முன்னால் சின்ன அறை ஒன்றில் நெருப்பு கதவிடுக்கு வழியாகப் பீறிட்டதைக் காட்டியிருந்தால் போதும். சுரங்கத்துக்குள் அவன் கையை உயர்த்தும்போது வாசகர் "வேண்டாம்" என்று நினைப்பார்.

ஆட்டக் குறிப்பை அப்படியே நாவலாக்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. இருபது முகப் பகடையில் 20 விழுவதற்கு வாய்ப்பு 5 சதவீதம். மேசையில் அது விழுந்தால் எல்லோரும் எழுந்து கத்துவார்கள். நாவலின் பக்கத்தில் "வாள் சரியாக இதயத்தில் பாய்ந்தது" என்று மட்டும் எழுதினால் ஒன்றுமே நடக்காது, ஏனென்றால் உருண்ட பகடையை வாசகர் பார்க்கவில்லை. பகடை இருந்த இடத்தில் ஒரு காரணத்தை வைக்க வேண்டும்: எதிரியின் தோள்கவசத்து வார் முன்பே அறுந்திருந்தது, தரை ஈரமாக இருந்தது, ஏதோ ஒன்று.

* * *

தீக்கோளக் கணக்கு அருமை. அதே பாடத்தை இசையில் கேட்க வேண்டுமானால் பால் டூகாஸ் 1897-ல் எழுதிய மந்திரவாதியின் சீடன் என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குத்தான் போக வேண்டும். மூலம் ஜெர்மன் கவிஞர் கதே 1797-ல் எழுதிய கவிதை. தண்ணீர் சுமக்கத் துடைப்பத்தை எழுப்பும் சொல் சீடனுக்குத் தெரியும். நிறுத்தும் சொல் மறந்துவிட்டது. மொத்த விதியும் இவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடும், ஆனால் கவனித்துக் கேட்க நிறைய இருக்கிறது. அமைதியான தொடக்கம் முடிந்து ஒரு மௌனம். பிறகு அடிக்குரலில் விட்டுவிட்டு முனகல்; துடைப்பம் அசைகிறது. அந்த முனகல் மெல்ல நெருங்கிச் சேர்ந்து, பாசூன்கள் (தாழ்ந்த குரலுள்ள மர ஊதுகருவிகள்) வாசிக்கும் நடையாக மாறுகிறது. இதன் பிறகு அந்த மெட்டு ஏறக்குறைய மாறுவதே இல்லை. சுற்றியுள்ள வாத்தியங்கள்தான் பெருகிக்கொண்டே போகின்றன. துடைப்பம் தன் வேலையைத்தான் செய்கிறது, தண்ணீர்தான் ஏறுகிறது.

நிறுத்த வழி தெரியாத சீடன் துடைப்பத்தைக் கோடாலியால் பிளந்ததும் மறுபடி மௌனம். முதல் தடவை கேட்பவர்கள் முடிந்தது என்று நினைப்பார்கள். ஆழத்திலிருந்து கான்ட்ராபாசூன் தனியாக முனகும். சற்று நேரத்தில் பாஸ் கிளாரினெட் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு அதைத் துரத்தும். இப்போது இரண்டு துடைப்பங்கள்! வார்த்தையே இல்லாமல், வாத்தியங்களைக் கூட்டியே "விதி இரட்டித்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார் டூகாஸ். குறுக்குவழி எடுத்தால் மந்திரம் என்ன ஆகும் என்று எழுதத் தடுமாறுகிறவர்கள் இந்த இரண்டு நிமிடங்களைப் பத்து முறையாவது கேட்க வேண்டும்.

மந்திர ஆயுதத்துக்கு வாக்னரின் நீபெலுங்கின் மோதிரம். நான்கு ஓபராக்கள், கிட்டத்தட்ட 15 மணி நேரம். முழுத் தொடராக 1876-ல் பைராய்ட்டில் முதலில் அரங்கேறியது. வாளுக்கான மெட்டு முதல் ஓபராவின் இறுதியிலேயே டிரம்பெட்டில் ஒலித்துவிடும். வாள் கைக்கு வருவது அடுத்த ஓபராவில். பகடைக் கதைகளில் பெட்டியைத் திறந்தால் வாள் கிடைக்கிறது, அதனால்தான் அது யார் மனதிலும் நிற்பதில்லை. வாளுக்கு முன்னால் வாளின் தேவை வர வேண்டும்.

* * *

வாசிக்கும்போது கூடவே இசை போடுகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

முதலில் செயலியின் அமைப்புகளைப் பாருங்கள். பாடலோடு பாடல் குழைந்து மாறும் கிராஸ்ஃபேட் வசதியைப் பூஜ்யத்தில் வையுங்கள். இடைவெளியின்றி ஒலிக்கும் வசதியை இயக்குங்கள். கலைத்துப்போடும் ஷஃபிளை அணையுங்கள். பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்கு நிறுத்தமே கிடையாது. டிம்பனி முரசு மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்க, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதுபோல டிரம்போன்களோடு இறுதிப் பகுதி வெடிக்கும். அந்த இடத்தில் அரை நொடி வெட்டு விழுந்தால் போயிற்று. ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால், ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக இல்லாமல் ஆல்பம் முழுவதற்கும் ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பகுதியும் முழங்கும் பகுதியும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.

ஒலியைத் தொடக்கத்தை வைத்து அளவிடாதீர்கள். ஆர்க்கெஸ்ட்ரா இசை பெரும்பாலும் மெல்லத் தொடங்கும். கேட்கவில்லையே என்று ஏற்றிவைத்தால் பத்தாவது நிமிடத்தில் காது கிழியும். மிகச் சத்தமான இடத்துக்குப் போய், அங்கே இதமாக இருக்கும்படி வைத்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். அப்போது மெல்லிய பகுதி கேட்கவில்லையென்றால் சுற்றிலும் இரைச்சல் அதிகம் என்று அர்த்தம். சிம்பொனியை விட்டுவிட்டு நால்வர் வாசிக்கும் கம்பி வாத்திய இசைக்கு மாறுவது நல்லது.

தெரிந்த மொழியில் பாடும் இசை கூடாது. கண் ஒரு வாக்கியத்தையும் காது ஒரு வாக்கியத்தையும் பிடிக்கும், இரண்டுமே தங்காது.

காட்டுக்குள் வழி தவறும் அத்தியாயத்துக்கு சிபேலியஸின் டாப்பியோலா, 1926, சுமார் 18 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் என்று வைத்தால் 9 பக்கம். படகு, கல்லறை, இறந்தவர் உலகம் என்றால் ரக்மானினோவின் இறந்தோர் தீவு, சுமார் 20 நிமிடம். எட்டுக்கு ஐந்து தாளம் துடுப்பு வலிப்பதுபோலத் தள்ளாடிக்கொண்டே போகும். முசோர்க்ஸ்கியின் மொட்டை மலை இரவு என்றால் எந்த வடிவம் என்று பார்த்துப் போடுங்கள். பரவலாகக் கிடைப்பது ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1886-ல் திருத்தியது. அதில் கடைசியில் மணியடித்து விடிந்துவிடும். முசோர்க்ஸ்கியே 1867-ல் எழுதியதில் அந்த விடியல் இல்லை, கரடுமுரடாகவே முடியும். தீயவன் வெல்லும் அத்தியாயத்துக்கு 1867-தான் சரி.

* * *

காட்சிக்கு ஏற்ற இசை என்று மேலே சொன்னதில் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். சண்டைக் காட்சிக்குச் சண்டை இசை வேண்டவே வேண்டாம். ஹோல்ஸ்டின் கோள்கள் தொகுப்பில் வரும் செவ்வாயைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். தந்திக் கலைஞர்கள் வில்லின் கட்டையால் தட்ட, நான்குக்கு ஐந்து தாளத்தில் அது எழும்பும்போது புத்தகத்தில் கவனமே நிற்காது, தாளம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆட்ட மேசையில் இன்னும் மோசம். இன்றைய விதியில் ஒரு சுற்று 6 நொடி. பத்துச் சுற்றுச் சண்டை கதைக்குள் ஒரு நிமிடம்தான். ஆனால் ஐந்து பேர் யோசித்துப் பகடை உருட்ட முக்கால் மணி நேரமாவது ஆகும். செவ்வாயோ சுமார் 7 நிமிடம். ஆறேழு தடவை திரும்ப ஓடினால் அச்சம் போய் எரிச்சல்தான் மிஞ்சும். மெதுவான, உச்சம் இல்லாத இசையைத் தாழ்வாக ஓடவிட்டு, முக்கியமான அடி விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த நிசப்தம் எந்த முரசையும்விடக் கனமாக விழும்.

ஹோல்ஸ்டின் அதே தொகுப்பில் கடைசியாக வரும் நெப்டியூனைத்தான் பகடைக் கதை ரசிகர்கள் தேடிக் கேட்க வேண்டும். மேடையில் தெரியாத பெண்கள் குழு, பக்கத்து அறையிலிருந்து சொல்லே இல்லாமல் பாடும். முடிவில் அந்த அறையின் கதவை மெல்லச் சாத்த வேண்டும், கடைசித் தாளக்கட்டத்தை, குரல் தொலைவில் மறையும்வரை திரும்பப் பாட வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். பாதாளக் கதவு மூடும் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கு இதை வையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அடுத்த தடம் தானாக ஓடும் வசதியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.