பார்வையில்லாத பிள்ளைகளும் பேசும் போனும்: உங்க அனுபவம் என்ன?

வைகைக்கரை:
பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசிக்கிறது, பரீட்சையில அவங்க சொல்லச் சொல்ல எழுதுற ஸ்க்ரைபா போறதுன்னு கொஞ்ச காலமா செஞ்சிட்டு வர்றேன். முன்னாடியெல்லாம் புத்தகத்தைச் சத்தமா வாசிச்சு, ரெக்கார்ட் பண்ணி அனுப்புவோம். எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா அந்த வாரம் பிள்ளைக்குப் பாடம் கிடையாது.

இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு பி.ஏ. வரலாறு படிக்கிறா. லேப்டாப்ல என்விடிஏ போட்டிருக்கா. திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு பார்வையில்லாத ஒருத்தர் 2006ல ஆரம்பிச்சது, முழுக்க இலவசம். அதுல வர்ற தமிழ்க் குரல் மூக்கடைச்ச ரோபோ மாதிரி இருக்கும். அவ வச்சிருந்த வேகத்துல எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. "கொஞ்சம் மெதுவா வையேன்"னேன். "அக்கா, உங்களுக்காக ஏற்கெனவே குறைச்சுத்தான் வச்சிருக்கேன்"னா.

சிக்கல் வேற இடத்துல வந்துச்சு. ஒரு கோச்சிங் சென்டர்ல குரூப் 4 நோட்ஸ் வாங்கினா, பி.டி.எஃப்.தான். என் கண்ணுக்கு நல்ல தமிழ். அவ காதுல ஒரே உளறல். எழுத்து எழுத்தா நகர்த்திக் கேட்டோம்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அதாவது "தமிழ்"! பாமினி எழுத்துருவுல அடிச்சது. உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்து, மேலே மட்டும் தமிழ் உருவம். தமிழைத் தமிழ் எழுத்தாவே பதியுற யூனிகோடுதான் தரம்னு தமிழக அரசு 2010லயே ஆணை போட்டாச்சு. டி.டி.பி. கடைப் பக்கம் அந்தச் சேதி இன்னும் போகல போல. எழுத்துரு மாற்றியில போட்டு மாத்தினதும் அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து படிச்சிட்டா. லேப்டாப் வாங்கித் தர ஆள் கிடைக்குது. ஒழுங்கா டைப் பண்ணித் தரத்தான் ஆள் இல்லை.

பொருநை:
என் பையன் ஒன்பதாவது. போன் வந்ததுல இருந்து யாரையும் எதிர்பார்க்காம கதை, செய்தி எல்லாம் கேக்குறான், சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். எல்லாத்தையும் காதாலயே படிச்சா எழுத்துப்பிழை மலிஞ்சிடும். ண, ன ரெண்டும் அந்தக் குரல்ல ஒண்ணுதான். "மணம்", "மனம்" எது எங்கேன்னு விரலால தொட்டுப் படிச்சாத்தான் நிக்கும். போன் இருக்கே, ப்ரெயில் எதுக்குன்னு கேக்குறவங்க வீட்டுக்கு வந்து இவன் நோட்டைப் பாக்கணும். ஜியாமெட்ரிக்கும் போன் உதவாது. அவங்க சார் அட்டையில ஃபெவிகால் தடவி நூல் ஒட்டித்தான் முக்கோணம் சொல்லிக் கொடுக்கிறார்.

செவிவழி:
எங்களைப் பத்திப் பேசுறீங்க, நானே வந்துட்டேன். பெனோ ஜெஃபைன் 2015ல ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) போனப்ப நான் ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்தேன். முழுப் பார்வையிழப்போட அந்தப் பணிக்குப் போன முதல் ஆள் அவங்க. திரையை வாசிச்சுச் சொல்ற ஜாஸ்ங்கிற மென்பொருள்ல படிச்சாங்கன்னு பேப்பர்ல வந்ததை வார்டன் வாசிச்சுக் காட்டினார். அப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

காலேஜ் அப்ளிகேஷன் பிரவுசிங் சென்டர்ல போட்டேன். என் மார்க், ஆதார், ஓ.டி.பி. எல்லாம் அந்த அண்ணனுக்கு அத்துப்படி. பாஸ்வேர்டும் அவர் வச்சதுதான். இப்ப போன்ல டாக்பேக் (ஆண்ட்ராய்டுல திரையை வாசிச்சுச் சொல்ற வசதி) வச்சு நானே போடுறேன். என் சங்கதி என்கிட்டயே இருக்கு பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.

ஆனா சிக்கல் முழுசா விட்டபாடில்லை. போன மாசம் ஒரு வேலைக்கு விண்ணப்பிச்சேன். எல்லாம் நிரப்பி முடிச்சா கடைசியில படத்துல இருக்கிற எழுத்தை அடிக்கச் சொல்லுது. கேக்குற வசதி இல்லை. ஃப்ரெண்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, அவன் பதில் போடுறதுக்குள்ள பக்கம் காலாவதி. திரும்ப முதல்ல இருந்து. சில ஆப்ல பொத்தானுக்குப் பேரே வச்சிருக்க மாட்டாங்க. "பட்டன், பட்டன், பட்டன்"னு சொல்லிட்டே போகும். எதை அமுக்க?

வைகைக்கரை அக்கா, நோட்ஸ் ஸ்கேன் பண்ணின படமா வந்தா எழுத்துரு மாற்றி வேலைக்காகாது. கூகுள் டிரைவ்ல ஏத்தி, டாக்ஸ்ல திறக்கச் சொல்லுங்க. தமிழைப் பெரும்பாலும் சரியா எடுத்துக் கொடுத்துடும். ஒரே பக்கத்துல இடம் வலமா ரெண்டு பத்தியா அச்சடிச்சிருந்தா மட்டும் வரி குழம்பும், பத்தி பத்தியா தனிப்படம் எடுத்து ஏத்துங்க.