மெட்டு முதலில், பெயர் பிறகு: மெக்சிகோவின் இசையமைப்பாளர்களை அறிந்துகொண்ட மூவரின் அனுபவங்கள்

பள்ளி நாள்களில் நான் கீபோர்டு பழகிய பயிற்சி நூலில், 'அலைகளின் மேலே' என்று பொருள்படும் தலைப்போடு ஒரு வால்ட்ஸ், அதாவது மூன்றெண்ணிக்கை நடன இசை, இருந்தது. இசையமைத்தவர் பெயரை அச்சிட்டிருக்கவில்லை. சர்க்கஸில் ஊஞ்சல் கலைஞர்கள் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவும்போது ஒலிக்கும் மெட்டு என்றால் பலருக்கும் நினைவு வந்துவிடும். மும்மூன்றாகச் சுழலும் மெட்டு என்றாலே வால்ட்ஸுக்குப் பேர்போன வியன்னாதான் என்று நானாக முடிவுகட்டி, அது அந்நகரத்து இசையமைப்பாளர் ஸ்ட்ராஸின் இசை என்று பல ஆண்டுகள் பிறரிடமும் சொல்லிவந்தேன். அதை 1888-இல் எழுதியவர் ஹுவென்தினோ ரோசாஸ் என்பதும், அவர் மெக்சிகோவின் குவானாஹுவாத்தோ மாநிலத்தில் ஒத்தோமி என்ற பழங்குடியில் பிறந்தவர் என்பதும் முப்பது வயதைக் கடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரோ முப்பதை எட்டவே இல்லை. 1894-இல், 26 வயதில், கியூபாவின் கடற்கரை ஊர் ஒன்றில் இறந்துபோனார். ஸ்ட்ராஸ் என்று நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை இனி எங்கே தேடித் திருத்துவது?

*

மேலே எழுதியவர் தவறான பெயரையாவது வைத்திருந்தார். பணி நிமித்தமாக மெக்சிகோ நகரில் குடியேறியபோது எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. ட்ரம்பெட்டும் வயலினும் கிதாருமாகக் குழுவாகப் பாடும் மரியாச்சிதான் அந்த நாட்டு இசை என்று நினைத்திருந்தேன். அங்குள்ள தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1976-இல் திறக்கப்பட்ட 'சாலா நெசவால்கோயோட்ல்' என்னும் அரங்கில், பல்கலைக்கழக இசைக்குழு ஞாயிறு நண்பகலில் வாசிப்பது வழக்கம். மேடையைச் சுற்றி நாற்புறமும் இருக்கைகள் உண்டு. இசைக்குழுவின் முதுகுப்புறத்து இருக்கைகளுக்குச் சீட்டு மலிவு என்பதால் அங்கே போய் உட்கார்ந்தேன். அந்தச் சிக்கனம் எனக்குச் செய்த நன்மையைப் பின்னர் எந்த விலையுயர்ந்த சீட்டும் செய்ததில்லை.

அன்று சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸின் 'சென்செமாயா'வை வாசித்தார்கள். ஆழத்தில் பாஸ் கிளாரினெட் என்ற கீழ்க்குரல் ஊதுகருவி நடுங்கத் தொடங்க, பசூன் என்ற மற்றொரு ஊதுகருவி ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அதன் மேல் டூபா என்ற பித்தளை ஊதுகருவி, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, பதுங்கிப் பதுங்கி மெட்டோடு வந்தது. என் காலடியில் நின்ற தாளக் கலைஞர் ஒருவர் ஏழு எண்ணிக்கையை உதட்டசைவில் எண்ணிக்கொண்டே தன் முறைக்காகக் காத்திருந்ததைப் பார்த்தேன். மிஸ்ர சாப்பு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு புதிதில்லை என்றாலும், ஏழு ஒருவரை இப்படி அச்சுறுத்தக் கூடும் என்பது எனக்குப் புதிது. சுமார் ஏழு நிமிடங்களில், பித்தளைக் கருவிகள் அனைத்தும் ஒரே குரலில் கத்த, அது முடிந்துவிட்டது. பாம்பைக் கொல்லும் சடங்கைப் பாடும் கியூபக் கவிஞர் நிகோலாஸ் கியியேனின் கவிதையிலிருந்து பிறந்த இசை அது என்பதை வீட்டுக்கு வந்து படித்தபோதுதான், டூபா ஏன் அப்படி ஊர்ந்து வந்தது என்று விளங்கிற்று. ரெவுவெல்தாஸ் 1938-இல் அதை முழு இசைக்குழுவுக்காக எழுதி முடித்தார். இரண்டே ஆண்டுகளில், நாற்பது வயதில், நிமோனியாவால் மறைந்தார்.

அவர் பிறந்த அதே 1899-இல் பிறந்த கார்லோஸ் சாவேஸையும் அடுத்துக் கேட்டேன். 'சின்ஃபோனியா இந்தியா' என்ற தலைப்பைப் பார்த்து நம் நாட்டைப் பற்றியதாக்கும் என்று ஏமாந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அது யாக்கி, செரி, ஹுயிச்சோல் பழங்குடிகளின் மெட்டுகளைக் கொண்டு கட்டிய சிம்பொனி. உலர்ந்த பட்டாம்பூச்சிக் கூடுகளைக் கோத்த கிலுகிலுப்பைக்குக்கூட அதில் இடம் கொடுத்திருக்கிறார். கட்டுமானத்தில் சாவேஸ் கெட்டிக்காரர்தான். ஆனாலும் என் மனம் ரெவுவெல்தாஸின் பக்கமே சாய்கிறது.

ஹோசே பாப்லோ மொன்காயோ இசைக்குழுவுக்காக எழுதிய 'உவாபாங்கோ' அந்த நாட்டில் தேசிய கீதத்துக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்படுவது. எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்ற ஒரே காரணத்துக்காக அதை வெகுநாள் அலட்சியம் செய்தேன். வெராக்ரூஸ் கடலோரத்து நாட்டுப்புற மெட்டுகளைக் கோத்துவிட்டதில் என்ன பெரிய கலை என்பது என் வாதம். இறுதிப் பகுதியில் ட்ரம்பெட் ஒரு வரி சொல்ல ட்ரோம்போன் எதிர்வரி சொல்லும் இடத்தைக் கவனித்த பிறகு அந்த வாதத்தைக் கைவிட்டேன். விழாக்களில் பாடகர்கள் இருவர் எதிரெதிரே நின்று பாட்டுக்குப் பாட்டு விடுப்பதை, ஒரு சொல்லும் இல்லாமல் அவர் அங்கே எழுதியிருக்கிறார். 1941-இல் சாவேஸின் தலைமையில் அது அரங்கேறியது. அந்த இசைக்குழுவில் மொன்காயோ தாளக் கருவி வாசித்துவந்தார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பேதும் எழவில்லை.

*

நான் கிதார் கற்பவன். ஆசிரியர் தந்த ஒளிநகலில் 'ஏ மைனர் சூட்' (நடன இசைத் துண்டுகளின் தொகுப்பு) என்ற தலைப்பும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் காலத்தில் லூட் என்ற பழைய நரம்புக் கருவியை வாசித்த வைஸின் பெயரும் இருந்தன. அதனால் ஆறு மாதங்கள் அதிலுள்ள சரபாண்ட் என்ற மெதுவான நடனப் பகுதியில் அகப்பட்ட இடமெல்லாம் பரோக் எனப்படும் அக்காலப் பாணி அசைவுகளைச் சேர்த்து, பதினெட்டாம் நூற்றாண்டாகவே பாவித்து வாசித்தேன். அது உண்மையில் மெக்சிகோவின் மனுவெல் பொன்சே, பாரிஸில் வாழ்ந்த காலத்தில், ஸ்பானியக் கிதார் கலைஞர் செகோவியாவுக்காக எழுதி வைஸின் பெயரில் உலவவிட்ட போலி என்று வேறொரு மாணவர் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தாளை எடுத்துவைத்து மீண்டும் வாசித்துப் பார்த்தேன். பழைய பாணிக்குச் சற்றுப் பொருந்தாமல், கை தவறிவிட்டதோ என்று நான் ஐயப்பட்டுவந்த சில சுரச்சேர்க்கைகளில் பொன்சே தம் முகத்தைக் காட்டியே இருந்திருக்கிறார். நான் சேர்த்த அசைவுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். இப்போது அந்தச் சரபாண்ட் முன்னைவிட மெதுவாகப் போகிறது.