சயின்ஸ் பாலிசி ஃபெலோஷிப்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அறிவியலாளர்கள் சில காலம் நாடாளுமன்றம் போன்ற இடங்களில் அமர்ந்து, சட்டமியற்றுவோருக்கு உதவும் திட்டத்தைச் 'சயின்ஸ் பாலிசி ஃபெலோஷிப்' என்கிறார்கள். அதற்கு 'அறிவியல் கொள்கை உதவித்தொகை' என்னும் தொடர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதன் மூன்று சொற்களில் இரண்டு எனக்கு இடறுகின்றன.

நம் பாடநூல்கள் அணுக்கொள்கை, பரிணாமக் கொள்கை என்று எழுதிப் பழகியிருப்பதால், 'அறிவியல் கொள்கை' என்றதும் மாணவர் மனத்தில் எழுவது டால்டனும் டார்வினும்தான். அரசு எடுக்கும் முடிவு அன்று. மேடைப் பேச்சிலோ அச்சொல் ஒருவர் விடாது பற்றி நிற்கும் நிலைப்பாட்டைக் குறிக்கிறது. (கொள்கையைக் கைவிட்டவரைத் தூற்றுவார்கள், பாலிசியைக் கைவிட்டால் காப்பீட்டு முகவர் மட்டுமே வருந்துவார்.) 'கொள்கை வகுப்பாளர்' ஏற்கெனவே செய்தித்தாள்களில் வேரூன்றிவிட்டது, ஆதலால் 'கொள்கைவகுப்பு' என்றே சொல்வோம். அதன் முன்னே 'அறிவியல்சார்' என்று நிறுத்தினால், ஆய்வுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்னும் முடிவையும், குடிநீரின் தரத்துக்கு வரம்பு வைக்க ஆய்வுச் சான்றுகளைப் பயன்படுத்துவதையும் அது ஒருசேரத் தழுவும். 'சார்' என்பதன் நெகிழ்ச்சி பல இடங்களில் குறையாக இருந்தாலும் இங்கே உதவுகிறது.

பெரிய சிக்கல் ஃபெலோஷிப்தான். உதவித்தொகை, நல்கை இரண்டும் பணத்தையே முன்னிறுத்துகின்றன. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 1973-இல் ஏழு பேருடன் இத்திட்டத்தைத் தொடங்கியபோது, அவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசில் ஓராண்டு அமர்ந்து, சட்டமியற்றுவோருடன் நாள்தோறும் வேலை செய்தார்கள். பிரிட்டனிலும் நாடாளுமன்ற அறிவியல் தொழில்நுட்ப அலுவலகத்தில், முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வழக்கமாக மூன்று மாதம் தங்கி, உறுப்பினர்களுக்கான சுருக்கக் குறிப்புகளை எழுதுகிறார்கள். இரண்டிலும் பணம் துணை; இருக்கையும் வேலையுமே உயிர்.

அப்படியானால் 'அயற்பணி' (டெபுடேஷன்) பொருந்தாதா என்று எண்ணிப் பார்த்தேன். பொருந்தாது. அயற்பணிக்குச் செல்பவரை ஒரு தாய்த்துறை அனுப்புகிறது, அவர் அங்கேயே திரும்புகிறார். ஃபெலோஷிப்பில் வருபவர்களில் பலர் அப்போதுதான் பட்டம் பெற்றவர்கள், திரும்பிச் செல்லத் துறையே இல்லாதவர்கள். மேலும், காங்கிரசு அலுவலகங்களில் பணியாற்றும் இவர்களுக்கு ஊதியத்தைப் பெரும்பாலும் அறிவியல், பொறியியல் சங்கங்களே அளிக்கின்றன.

எனவே, பணியைச் செய்தபடியே பயில்வதைக் குறிக்கும் 'பயில்பணி' என்பதே என் முன்மொழிவு. முழுத்தொடர் 'அறிவியல்சார் கொள்கைவகுப்புப் பயில்பணி', அதிலிருப்பவர் 'பயில்பணியர்'.

இதில் சேர்பவர்களைக் குறிக்க வழங்கும் 'ஏர்லி கேரியர்' என்பதை 'இளம்' என்று சுருக்க வேண்டாம். அந்த அமெரிக்கக் கழகம் கேட்பது முனைவர் பட்டம், பொறியாளராயின் முதுநிலைப் பட்டத்துடன் மூன்றாண்டுப் பணியனுபவம். வயது வரம்பு இல்லை. 'இளநிலை' என்றால் பதவித் தாழ்வு தொனிக்கும், 'தொடக்கநிலை' என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். 'பணித்தொடக்கக் கால அறிவியலாளர்' நீளம்தான், ஆனால் பிழையற்றது.

மறுமொழி:

ஐயா, 'கொள்கைவகுப்பு' பற்றி எனக்கு மறுப்பில்லை. 'பயில்பணி' மட்டும் இன்டர்ன்ஷிப்பை நினைவூட்டுகிறது. முனைவர் பட்டம் முடித்து, ஓர் அலுவலகத்துக்கு அறிவுரை கூற வந்தவரைப் பயிற்சி பெறுபவராக்கிவிட மாட்டோமா? 'கொள்கைவகுப்பு ஆய்வர்' என்று வைத்தால் அவர் மதிப்புக் குறையாது.

மறுமொழிக்கு மறுமொழி:

அன்புள்ள நண்பருக்கு, அச்சம் நியாயமானது. ஆயினும் 'ஆய்வர்' என்றால் அவர் எதை விட்டு வந்தாரோ அதையே மீண்டும் அவர்மேல் ஏற்றுகிறோம். அந்த ஓராண்டில் அவர் ஆய்வுக்கூடத்தில் இல்லை. பயிற்சி பிறர் அளிப்பது, பயில்தல் தானே செய்வது. தவிர, 'பயில்' என்பதற்குக் கற்றல் மட்டுமே பொருளன்று. 'பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' என்னும் குறள் நட்பு அதிகாரத்தில் வருகிறது. அங்கே பயில்தல் என்றால் பழகுதல். ஃபெலோ என்னும் ஆங்கிலச் சொல்லும் கூட்டாளி என்னும் பொருளில் பிறந்ததே. கற்பது, பழகுவது இரண்டையும் ஒரே வினையடியில் தரும் வேறு சொல் எனக்குத் தட்டுப்படவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு 'உள்ளகப் பயிற்சி' ஏற்கெனவே வழங்குவதால் குழப்பத்துக்கும் இடம் குறைவு. 'நல்கை'யை நான் விலக்கவில்லை; பயில்பணியர் மாதந்தோறும் பெறும் தொகையைப் 'பயில்பணி நல்கை' என்று குறிக்கலாம்.