மறு: காகிங்குக்குத் தமிழ், ‘பற்சக்கரமாதல்’ வேண்டாமே

வணக்கம்.

கரண்ட் இல்லாத மோட்டாரைக் கையால் திருப்பும்போது, உள்ளே இருக்கும் காந்தம் இரும்புப் பல்லை இழுப்பதால் தண்டு அங்கங்கே நின்று நின்று போகிறதே, அதுதான் காகிங் (cogging). அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நாலு நாளாக எல்லோரும் அகராதியைத்தான் புரட்டுகிறோம், மோட்டாரை யாரும் கையில் எடுத்த மாதிரி தெரியவில்லை. இழையில் வந்த ‘பற்சக்கரமாதல்’ எனக்குச் சரிப்படவில்லை. இந்த மாதிரி மோட்டாருக்குள் பற்சக்கரமே கிடையாது, ஆங்கிலக்காரன் cog என்ற சக்கரப் பல்லை நினைத்து வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

செல்லூரில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பொம்மைக் கார் மோட்டார் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். உள்ளே இரண்டு காந்தம், நடுவில் மூன்று இரும்புப் பல்லில் சுற்றிய செம்புக் கம்பி. திரும்ப மூடி, தண்டின் குறுக்கே ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஒட்டி, பேட்டரி கொடுக்காமல் விரலால் மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் கப்பென்று பிடிக்கிறது. கொஞ்சம் தள்ளினால் விட்டுவிட்டு, தானாகவே அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. மூன்று பல், அதனால் மூன்று இடம் என்று மகள் பந்தயம் கட்டினாள். எண்ணினால் 6. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு காந்தத்துக்கு நேராக வருவது தனித்தனி நேரத்தில், 3 பெருக்கல் 2.

அப்புறம் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுத் திருப்பினேன். இது வேறு கனம், வெல்லப்பாகில் கரண்டி விட்ட மாதிரி, வேகம் கூடக் கூடக் கனமும் கூடுகிறது. மோட்டாரே ஜெனரேட்டராகி, அதில் உண்டாகும் மின்னோட்டமே அதை இழுத்துப் பிடிக்கிறது. போன மடலில் ஒரு நண்பர் இதைத்தான் காகிங்கோடு சேர்த்துக் குழப்பியிருந்தார். காகிங்குக்கு மின்சாரமே வேண்டாம், வயர் பிரிந்து கிடந்தாலும் அது இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். இழையில் ஒரு அக்கா சொன்ன ‘காந்தத் தடுக்கல்’ நெருங்கி வருகிறது, கால் தடுக்குகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பாதி நேரம் அது தடுக்கவில்லையே, முன்னால் இழுத்தும் விடுகிறதே. முழுச் சுற்றுக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டும் கழிந்து சராசரி சுழியம். இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘இழுபறி’ கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் தேர்தல் முடிவு ஞாபகம் வருகிறது.

திருமங்கலத்தில் எங்கள் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காகிங் என்ற பேரெல்லாம் அவர் கேட்டதில்லை. இரண்டு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, “விட்டு விட்டுப் பிடிக்குது தம்பி” என்றார். மூலையில் கிடந்த பம்பு மோட்டாரின் ரோட்டரை, அதாவது உள்ளே சுழலும் பகுதியைக் காட்டி, “இதுல பட்டையெல்லாம் சாய்வாப் போட்டிருக்கான் பாருங்க, நேராப் போட்டா பல்லுக்குப் பல்லு நின்னுக்கிட்டு ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும்” என்றார். அந்தப் பம்பு மோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை, கரண்ட் கொடுத்தால்தான் இந்தச் சிக்கல், ஆனாலும் பல் பல்லைத் தேடும் கதை அதேதான்.

ஆகவே என் பரிந்துரை ‘விடுபிடி’. விசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘விடுபிடித் திருப்புவிசை’. பழைய பிரிண்டரில் கிடைக்கும் ஸ்டெப்பர் மோட்டாரை (படிப்படியாக நகரும் மோட்டார்) திருப்பிப் பாருங்கள், கரண்ட் இல்லாமலே அடி அடியாக நிற்கும். அங்கே அது, தண்டு இருக்கும் இடத்திலேயே நிற்க உதவும் குணம், மெல்ல, சீராகச் சுற்ற வேண்டிய இடத்தில் அதுவே தொல்லை. ‘தடுக்கல்’ என்றால் முதலிலேயே குற்றம் சாட்டிவிடுகிறோம், விடுபிடி இரண்டு பக்கமும் சாயாது.

ஏவல் மாதிரி ஒலிக்கிறது, ‘விடுபிடிப்பு’ என்று நீட்டலாமே என்று மகள் கேட்டாள். இழுபறியும் அடிதடியும் நீட்டாமலேதானே பெயர்ச்சொல்லாக நிற்கின்றன? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். மற்றவர்கள் வாக்களிக்கும் முன் ஒரு பொம்மை மோட்டாரைத் திருப்பி எண்ணிவிடுங்கள். 6 வராவிட்டால், பிரித்துப் பல்லையும் காந்தத்தையும் எண்ணிவிட்டு இதே இழையில் எழுதுங்கள்.