கில்மார்ட்டின் பக்கம் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பயணப்பை (கேள்வி)

மே கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் கிளாஸ்கோவிலிருந்து காரில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போகிறோம். ஆர்கைலில் கில்மார்ட்டின் என்ற சின்ன ஊரில் இரண்டு இரவு தங்க இடமும் பிடித்தாயிற்று. ஒரு தேவாலயம், ஒரு அருங்காட்சியகம், ஒரு விடுதி, அவ்வளவுதான் ஊர் என்கிறார்கள்.

அப்பாவுக்குப் பழைய கல், சமாதி, கோட்டை என்றால் சாப்பாடுகூட வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது. பையனுக்கு 9 வயது, ஒரு கல்லைக் காட்டினால் ஐந்து நிமிஷம் தாங்குவான், அப்புறம் "போலாமா" ஆரம்பித்துவிடும். இணையத்தில் தேடினால் இருபது இடங்களை வரிசையாகப் போட்டு எல்லாமே அருமை என்கிறார்கள். எல்லாம் அருமை என்றால் நான் எதை விடுவது? எதற்கு உட்கார்ந்து நேரம் கொடுக்கலாம், எதை வழியில் எட்டிப் பார்த்தால் போதும், எதற்கு டிக்கெட் வேண்டும் என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டாம் நாள் ஓபன் என்ற துறைமுக ஊருக்குப் போகலாம் என்பது மனைவியின் யோசனை, அதுவும் சரிவருமா?

கல்லும்_புல்லும்

முதல் நாளைக் காரைத் தொடாமல் கழியுங்கள். பெரும்பாலானவர்கள் ஓபன் போகிற வழியில் இருபது நிமிஷம் நிறுத்தி, ஒரு கற்குவையை (சமாதி மேல் குவித்த கற்கள்) பார்த்து, ஒரு படம் எடுத்து, "இதுதானா" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு ஒற்றைக் கல்லாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நடந்து போகும்போதுதான் ஒரு கற்குவையிலிருந்து அடுத்தது தெரிவதும், எல்லாம் ஒரே கோட்டில் கிடப்பதும் புரியும்.

ஊரின் ஓரத்திலேயே முதல் கற்குவை. அங்கிருந்து தெற்கே நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று, கடைசியில் ரீ க்ரூயின். இதில் நெதர் லார்கி தெற்குதான் மூத்தது, புதிய கற்காலத்து அறை கொண்ட சமாதி, 5000 வருஷத்துக்கு மேல் இருக்கும். மற்றவை வெண்கலக் காலத்தில், சுமார் 4000 வருஷத்துக்கு முன்னால், அதே வரிசையில் சேர்க்கப்பட்டவை. ஆயிரம் வருஷம் கழித்து வந்தவர்களும் அதே கோட்டைப் பிடித்துத் தங்கள் ஆட்களைப் புதைத்திருக்கிறார்கள், எனக்கு அங்கே பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான். நெதர் லார்கி வடக்கில் மேலே உள்ள திறப்பு வழியாக உள்ளே இறங்கலாம் (மூடியிருந்தால் விட்டுவிடுங்கள்), கற்பதுக்கையின் (கல்பலகையால் ஆன சமாதிப் பெட்டியின்) மூடுகல்லில் கோடரித் தலைகளைச் செதுக்கியிருப்பார்கள். பையன் கையில் டார்ச்சைக் கொடுத்து எத்தனை கோடரி என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் அரை மணி ஆகும்.

பக்கத்திலேயே டெம்பிள் வுட் கல்வட்டம். 22 கல் நின்ற இடத்தில் 13 மிச்சம், அதில் ஒன்றில் சுருள் கோலம் உண்டு. மங்கலாக இருக்கும், வெயில் சாய்ந்தால்தான் கண்ணில் படும், எந்தக் கல் என்று நான் சொல்ல மாட்டேன், தேடட்டும். அதற்கு எதிரே வயலில் நெதர் லார்கி குத்துக்கற்கள், நிலா உதிக்கும் மறையும் திசைகளை வைத்து நட்டது என்று ஒரு வாதம் இருக்கிறது. அப்பாவோடு சண்டை போட நல்ல விஷயம்.

பாதை முழுக்கச் சமதளம். ஊரிலிருந்து போய் வர சுமார் 5 கிலோமீட்டர் ஆகும், அது அம்மாவுக்கு அதிகம் என்றால் அவரை மட்டும் காரில் லேடி கிளாசரி வுட் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கிருந்து குத்துக்கல்லும் கல்வட்டமும் சில நிமிஷ நடைதான். வெளியில் இருக்கிற எதற்கும் டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது. டிக்கெட் அருங்காட்சியகத்துக்கு மட்டும்.

தேவாலயத்தைத் தவற விடாதீர்கள். முற்றத்தில் ஒரு கூரைக்குக் கீழே இடைக்காலத்துக் கல்லறைப் பலகைகள், வாள் பிடித்த வீரர்கள், பின்னிப் பிணைந்த கொடிகள். உள்ளே பழைய சிலுவைகள். அப்பாவை அங்கே விட்டுவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போகலாம்.

அணைகட்டி

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் 9 வயதுப் பையனை ஒரு நாள் முழுக்கச் சமாதி சமாதியாகக் கூட்டிப்போவது கொடுமை சார். பாதி நாள் போதும். மீதிக்கு நாப்டேல் காடு, காரில் அரை மணிதான். 2009இல் நார்வேயிலிருந்து பீவர்களை (மரத்தைக் கடித்து வெட்டி அணை கட்டுகிற விலங்கு) கொண்டுவந்து அங்கேதான் சோதனையாக விட்டார்கள். பல நூற்றாண்டுக்கு முன்னால் பிரிட்டனில் வேட்டையாடியே ஒழித்துவிட்ட விலங்கு. 2016இல் இனி இவை இங்கேயே இருக்கலாம் என்று ஸ்காட்லாந்து அரசு சொல்லிவிட்டது, 2019இல் சட்டப் பாதுகாப்பும் வந்தது.

பார்ன்லுவாஸ்கனில் காரை நிறுத்திவிட்டு நடந்தால், பென்சில் சீவியது போலக் கூராகக் கடிக்கப்பட்ட மரங்கள், அணை கட்டியதால் பெருத்துப்போன டூ லாக் என்ற குட்டை, எல்லாம் பகலிலேயே தெரியும். பீவரையே பார்க்க வேண்டும் என்றால் இருட்டுகிற நேரம்தான், மே கடைசியில் சூரியன் மறையவே ஒன்பதரை தாண்டிவிடும், அதனால் குழந்தை விழித்திருந்தால் பாக்கியம்.

அம்மாவுக்கு என்றால் க்ரினன் கால்வாய். கின்டயர் தீபகற்பத்தை முழுசாகச் சுற்றிப் போகிற கஷ்டத்தைத் தவிர்க்க வெட்டியது, 1801இல் திறந்தார்கள், சுமார் 14 கிலோமீட்டர், 15 மதகு (தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகிற கதவடைப்பு). கரையோரப் பாதை மேசை போலச் சமம். க்ரினன் முனையில் உட்கார்ந்து படகு மதகுக்குள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது, பல மதகுகளை இன்னும் கையால்தான் தள்ளித் திறக்கிறார்கள், சில சமயம் படகுக்காரர்களுக்கு நீங்களும் ஒரு கை கொடுக்கலாம். பையனுக்கு அதுவே விளையாட்டு.

பயணப்பை

இருவருக்கும் நன்றி. டார்ச் யோசனை பிரமாதம். டுனாட் கோட்டையை யாரும் சொல்லவில்லையே? அப்பா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கார்னாசரி கோட்டையும் அவர் பட்டியலில் இருக்கிறது, இரண்டில் ஒன்று என்றால் எது?

மேற்குக்கரைக்காரி

டுனாட், யோசிக்கவே வேண்டாம். கோட்டை என்று சுவர், கோபுரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், பார்க்க அது வெறும் பாறைக் குன்று, 54 மீட்டர் உயரம். ஆனால் 6ஆம் நூற்றாண்டிலிருந்து டால் ரியாட்டா என்ற, கேலிக் மொழி பேசியவர்களின் ராஜ்ஜியத்தின் முக்கிய இடம் அது. 683இல் முற்றுகை நடந்ததும், 736இல் ஸ்காட்லாந்தின் இன்னொரு பழைய மக்களான பிக்ட்களின் அரசன் ஓங்கஸ் அதைப் பிடித்ததும் அயர்லாந்து ஆண்டுக் குறிப்புகளில் இருக்கிறது. தோண்டியபோது பிரான்ஸ் பக்கத்து மண்பாண்டங்களும், மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடிய மஞ்சள் நிறமியும், நகை வார்க்கிற அச்சுகளும் கிடைத்தன. இந்தச் சேற்றுக்கு நடுவில் இருந்துகொண்டு என்ன வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் ஒரு கால்தடம். பட்டமேற்கிற அரசன் அதில் கால் வைத்தான் என்பது பொதுவான கருத்து. இப்போது நீங்கள் பார்ப்பது மூலப் பாறையின் மேல் பாதுகாப்புக்காக வைத்த நகல், அதனால் பையன் கால் வைத்துப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. சுற்றிலும் மொய்ன் வோர் என்ற பெரிய சதுப்பு நிலம், வளைந்து ஓடுகிற ஆட் ஆறு, அப்பால் கடல். அம்மா ஏறவே கூடாது, ஏற்றம் சின்னதுதான் ஆனால் பாறை வழுக்கும், இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. அந்த நேரத்துக்கு அவரைக் கால்வாய்க் கரையில் உட்கார வையுங்கள், மிக அருகில்தான்.

கார்னாசரி ஊருக்கு வடக்கே, காரில் சில நிமிஷம். நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் ஏற வேண்டும். 1560களில் ஜான் கார்ஸ்வெல் என்ற மதகுரு கட்டியது. கேலிக் மொழியில் முதல் அச்சுப் புத்தகத்தை, ஒரு வழிபாட்டு நூலின் மொழிபெயர்ப்பை, 1567இல் கொண்டுவந்தவர் அவர்தான். 1685இல் ஆர்கைல் பிரபு அரசனுக்கு எதிராகச் செய்த கலகத்தில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். சாயங்காலம் நேரம் மிஞ்சினால் போங்கள். போகுமுன் பழைய சின்னங்களைப் பராமரிக்கிற ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்பின் தளத்தில் ஒருமுறை பாருங்கள், சுவர் சோதனைக்காக இப்படிப்பட்ட இடங்களில் சில பகுதிகளை அடைத்துவைப்பது உண்டு.

சில நடைமுறை விஷயம். மே கடைசியில் மிட்ஜ் என்ற கடிக்கிற குட்டிப் பூச்சி தலைகாட்ட ஆரம்பிக்கும், காற்றில்லாத சாயங்காலம் நாப்டேலில் நின்றால் தெரியும், மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் உண்ணி. பெரணிக்குள் நடந்தால் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் சொருகி, இரவு பையனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிடுங்கள், லைம் நோய் வரும். வயலில் செம்மறிக் குட்டிகள் இருக்கும் காலம். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் நடக்க உரிமை உண்டு, அந்தப் பொறுப்பில் ஒன்று, கேட்டைப் பார்த்தபடியே விடுவது, திறந்திருந்தால் திறந்து, மூடியிருந்தால் மூடி. ஒற்றை வழிச் சாலையில் ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், உள்ளூர்க்காரர்கள் பார்வையாலேயே எரித்துவிடுவார்கள்.

கிளாஸ்கோவிலிருந்து ஏ83இல் வருவீர்கள். ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல் கணவாயில் மழைக்கு மண் சரியும், கிளம்புமுன் சாலை நிலவரம் பார்ப்பது நல்லது.

கல்லும்_புல்லும்

ஓபன் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு மணி நேரப் பயணம், ஊர் நன்றாக இருக்கும், ஆனால் விடுமுறை வாரத்தில் கார் நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். மனைவி ஒத்துக்கொண்டால் பாதி வழியைத் தாண்டி ஸீல் தீவுப் பக்கம் திரும்புங்கள். 1790களில் கட்டிய ஒற்றை வளைவுக் கல் பாலம், அட்லாண்டிக்கின் மேல் பாலம் என்று பெருமையாகச் சொல்வார்கள், கீழே ஓடுவது ஒரு கால்வாய் அகல உப்பு நீர்தான். கடைசியில் குட்டிப் படகில் ஈஸ்டேல் தீவு, கார் கிடையாது. ஸ்லேட் வெட்டிய குழிகளில் கடல் புகுந்து நீலக் குளமாக நிற்கிறது, கரை முழுக்கத் தட்டைக் கல். தண்ணீரில் கல்லைத் தத்த விடுகிற உலகப் போட்டியே அங்கே நடக்கும். பையனுக்கு வேறென்ன வேண்டும்? குழி விளிம்பில் மட்டும் பையன் கையை விடாதீர்கள், வேலி எதிர்பார்க்க வேண்டாம்.

அருங்காட்சியகத்தை மழைக்கு என்று ஒதுக்காமல் முதல் நாள் காலையிலேயே பாருங்கள், 2023இல் புதுப்பித்துத் திறந்தது.

அணைகட்டி

அது மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் கல், அப்புறம் கண்ணாடிப் பெட்டி. முதலிலேயே விளக்கம் படித்துவிட்டால் வயலில் போய் நின்று என்னத்தை யோசிப்பது? மழை வந்தால் அன்றைக்கு அருங்காட்சியகம், இன்னும் கொட்டினால் இன்வரேரி என்ற ஊரின் பழைய சிறைச்சாலை. சும்மா தூறல் என்றால் ஆக்னபிரெக் பாறைக் கோலங்கள், குழிகளில் தண்ணீர் தேங்கி வட்டங்கள் தெளிவாகத் தெரியும், பாறை மேல் மட்டும் மிதிக்கக்கூடாது. காட்டுக்குள் ஏற்றம் இருக்கிறது, அதனால் அம்மாவுக்கு அதுவும் வேண்டாம்.

பயணப்பை

சரி, முடிவு: முதல் நாள் காலை பள்ளத்தாக்கு, மதியம் டுனாட், அம்மாவும் மனைவியும் கால்வாய்க் கரையில். இரண்டாம் நாள் ஈஸ்டேல், திரும்பி வந்து தெம்பு இருந்தால் பீவர். ஓபனை மனைவியிடம் ரத்து செய்யும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஈஸ்டேல் படகில் அம்மா ஏறி இறங்க வசதி எப்படி?

மேற்குக்கரைக்காரி

சின்னத் திறந்த படகு, சில நிமிஷப் பயணம். துறையில் படி உண்டு, ஈரமாக இருக்கும், கடல் வற்றியிருக்கும்போது இறங்குவது இன்னும் கொஞ்சம் ஆழம். கடல் ஏறியிருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், படகுக்காரரிடம் சொன்னால் கை பிடித்து இறக்கிவிடுவார். அவருக்கு வேண்டாம் என்று தோன்றினால் இந்தப் பக்கம் எலெனபீச்சில் வெள்ளை வீட்டு வரிசையும் கடலும் இருக்கின்றன, உட்கார இடம் உண்டு.