1 டன் லாக்டிக் அமிலத்துக்கு 1 டன் ஜிப்சமா? பயோரிஃபைனரி வளருமா, வளராதா?

நொதியன்:
பக்கத்துத் திரியில் வடிகட்டி அண்ணன் ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கார்: "1 டன் லாக்டிக் அமிலம் எடுத்தா 1 டன் ஜிப்சம் வரும். பயோரிஃபைனரிங்கிறது ஜிப்சம் மலைக்கு வச்ச செல்லப் பேரு." பயிர்ச் சர்க்கரையில இருந்து ரசாயனம் எடுக்கற ஆலைதான் பயோரிஃபைனரி. நொதிக்கும்போது தொட்டி ரொம்பப் புளிக்காம இருக்க சுண்ணாம்பு போடுவாங்க, பிறகு கந்தக அமிலம் ஊத்தி லாக்டிக்கைப் பிரிப்பாங்க, அப்ப மிஞ்சறது ஜிப்சம். இந்தப் பழைய கணக்கை இன்னும் எத்தனை காலத்துக்கு ஓட்டுவீங்க? அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்து பிளேர் லாக்டிக் ஆலையில 2008லேயே அமிலம் தாங்கும் ஈஸ்டுக்கு மாறியாச்சு. லாக்டிக் அமிலத்தோட பிகேஏ, அதாவது பாதி அமிலம் அயனியாகிற பிஎச், 3.86. பிஎச் 3ல் தொட்டி ஓடினா அயனியா இருக்கறது 12 சதவீதம். அதுக்கு மட்டும்தான் சுண்ணாம்பு, அதுக்கு மட்டும்தான் ஜிப்சம்.

வடிகட்டி:
கணக்கு என்னோடதில்லை தம்பி, மூலக்கூறு எடையோடது. இரண்டு லாக்டிக் மூலக்கூறு 180.16. அதுக்கு விழற ஒரு ஜிப்சம் 172.17. வகுத்தா 0.956. மிச்சம் 44 கிலோவுக்காக வழக்குப் போடப் போறீங்களா? போற வழியில் டன்னுக்கு 0.41 டன் நீர்த்த சுண்ணாம்பும் 0.54 டன் கந்தக அமிலமும் வேற விழுங்கும்.

பல்ராம்பூர் சீனி மில் உத்தரப் பிரதேசத்துல அறிவிச்ச பிஎல்ஏ (லாக்டிக் அமிலத்துல செய்யற பிளாஸ்டிக்) ஆலை ஆண்டுக்கு 80,000 டன். அந்த அளவுக்கு 1,00,000 டன் லாக்டிக் வேணும். அதைச் சுண்ணாம்பு முறையில எடுத்தா 330 நாள் ஓட்டத்துல தினம் 290 டன் ஜிப்சம். 30 சதவீத ஈரத்தோட 414 டன். தினம் இருபது லாரி. எங்க கொட்டுவீங்க, உங்க ஈஸ்ட் தலையிலயா?

ஆலைக்கணக்கு:
0.956ல் ரெண்டு நீர் மூலக்கூறு ஒளிஞ்சிருக்கு. அதைக் கழிச்சா 0.756. தண்ணியைச் சேர்த்து எடை போட்டுட்டு "1 டன்"னு மிரட்டக் கூடாது.

வடிகட்டி:
அமிலம் சேர்க்கிற தொட்டி 60, 70 டிகிரியில ஓடும். அங்க விழறது ரெண்டு நீர் ஜிப்சம்தான். நீரில்லாத கால்சியம் சல்பேட் உங்க எக்செல்ல மட்டும்தான் விழும். லாரிக்காரன் தண்ணியைக் கழிச்சு வாடகை வாங்குவானா?

புதுக்கரும்பு:
முதல்ல பயோரிஃபைனரின்னா எதுன்னு முடிவு பண்ணிக்கலாமா? எத்தனால் மட்டும் எடுக்கற ஆலையும் அதுல சேருமா?

ஆலைக்கணக்கு:
ஜிப்சத்தை சிமென்ட்காரன் வாங்கிப்பான். கிளிங்கர் (சூளையில சுட்ட சிமென்ட் கட்டி) அரைக்கும்போது 3ல இருந்து 5 சதவீதம் அதுதான் சேருது. அப்புறம் ஏன் மலை?

வடிகட்டி:
எந்த ஜிப்சத்தை? நொதித்தல் தொட்டியில இருந்து வர்ற கேக்ல (வடிகட்டித் துணியில தங்கற ஈரக் கட்டி) சர்க்கரையும் லாக்டிக்கும் ஒட்டியிருக்கும். சர்க்கரை கொஞ்சம் இருந்தாலே சிமென்ட் இறுகறது தள்ளிப் போகும். நல்லாக் கழுவுங்கம்பீங்க. கழுவினா தண்ணி சேர்ந்து சாறு நீர்த்துப் போகும், அதை ஆவியாக்க நீராவிச் செலவு. கழுவாம விட்டா அமிலம் கேக்கோட வெளிய போகும்.

இன்னொண்ணு, கந்தக அமிலத்தை அவசரப்பட்டு ஊத்தினா படிகம் ஊசி ஊசியா விழும். பெல்ட் ஃபில்டர் துணி அடைச்சுக்கும், கேக் விரிசல் விட்டு வேக்குவம் இறங்கும், கழுவுற தண்ணி விரிசல் வழியாவே ஓடிடும். பழைய ஜிப்சம் குழம்பை விதையாப் போட்டு, அமிலத்தை மெதுவா விட்டாத்தான் தடிப் படிகம் வரும். இதையெல்லாம் கேட்டா ஈஸ்ட், ஈஸ்ட்னு ஒரே பாட்டு.

அனல் மின் நிலையத்து ஜிப்சமும் உர ஆலை பாஸ்போஜிப்சமும் மலிவா நிக்கும்போது உங்க புளிச்ச கேக்கை யாரு கேக்கறா?

நொதியன்:
ஈஸ்ட் கேள்விக்குப் பதில் எங்க? துணி, விரிசல், லாரின்னு ஊரைச் சுத்தறீங்க. பிஎச் 3, 12 சதவீதம், டன்னுக்கு 0.12 டன் ஜிப்சம். இதை மறுங்க. தாய்லாந்து ராயோங்ல கோர்பியன் கம்பெனி கட்டின 1,25,000 டன் லாக்டிக் ஆலையில ஜிப்சமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.

வடிகட்டி:
பிஎச் 3ல் அயனியாகாத அமிலம் செல் சவ்வைத் தாண்டி உள்ள வரும். அதை வெளிய தள்ளவே ஈஸ்ட் தன் சக்தியை எரிக்கும், வேகம் படுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் பிஎச்சை ஏத்துவாங்க. 3.86க்கு ஏத்தினா பாதி அயனி. 0.12 எங்க, 0.48 எங்க? எந்த பிஎச்ல முடிச்சாங்கன்னு சொல்லாம 12 சதவீதம்னு ஏலம் போடாதீங்க.

போன வருஷம் சக்சினிக் அமிலத் திரியில இவர் என்ன எழுதினார்னு ஞாபகம் இருக்கா? "பயோஆம்பர் வழி காட்டிடுச்சு"ன்னார். கனடா சார்னியாவுல அந்தக் கம்பெனியோட 30,000 டன் சக்சினிக் ஆலை, 2015ல் திறந்து 2018ல் திவால். அது அமிலம் தாங்கும் ஈஸ்ட்தான், ஜிப்சம் தொல்லை இல்லாத ஈஸ்ட்!

நொதியன்:
அது திவாலானது ஈஸ்டாலயா? கச்சா எண்ணெய் 100 டாலர்ல இருக்கறப்ப போட்ட திட்டம், 2014 கடைசியில விலை பாதியாச்சு. பியூட்டேன்ல இருந்து மலேயிக் அன்ஹைட்ரைடு வழியா வர்ற சக்சினிக் மலிவாப் போச்சு. ஜிப்சத்தைக் காப்பாத்த திவாலைக் கூட்டிட்டு வராதீங்க.

ஆமணக்கு:
ரெண்டு பேரும் விடுங்கப்பா. இருமுனை சவ்வு மின்பகுப்பு (மின்சாரமும் சவ்வும் வச்சு உப்பைப் பிரிக்கற முறை) போட்டா அமிலமும் காரமும் தனித்தனியா வந்துடும், ஜிப்சம் பூஜ்ஜியம்.

வடிகட்டி:
வாங்க, உங்களைத்தான் காணோம்னு பார்த்தேன். கிலோவுக்குக் கிட்டத்தட்ட 1 யூனிட் மின்சாரம். கரும்புச் சாறுல வர்ற கால்சியம், மெக்னீசியத்தை கிலேட் ரெசின் (உலோக அயனியைப் பிடிச்சுக்கற பிசின்) வச்சு 1, 2 பிபிஎம்முக்குக் கீழ இறக்கலைன்னா சவ்வுல சுண்ணாம்பு படியும். அந்த ரெசினைக் கழுவற உப்புத் தண்ணி எங்க போகும்? ஜிப்சம் போய் உப்பு வந்தது டும் டும் டும்.

ஆலைக்கணக்கு:
இத்தனையும் பேசறீங்க, சர்க்கரையைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை. 1 டன் பிஎல்ஏக்கு 1.6 டன் சர்க்கரை. 2019ல் வச்ச குறைந்தபட்ச விலை கிலோ 31 ரூபாய்னு போட்டாலும் சர்க்கரைக்கு மட்டும் 49,600 ரூபாய். வளர்ச்சியை முடிவு பண்றது அதுதான், ஜிப்சம் இல்லை.

ஆமணக்கு:
பிஎல்ஏ மக்கவே 58 டிகிரி உரத் தொட்டி வேணும். குப்பை மேட்டுல அப்படியே கிடக்கும். அதை யாரும் எழுத மாட்டீங்களே?

நொதியன்:
மக்குறது வேற திரி. நல்ல பிளாஸ்டிக் வேணும்னா எல்-லாக்டிக் (லாக்டிக்கோட ரெண்டு கண்ணாடி வடிவத்துல ஒண்ணு) தூய்மை 99 சதவீதத்துக்கு மேல இருக்கணும், உருக்குறதுக்கு முன்னாடி ஈரம் 250 பிபிஎம்முக்குக் கீழ வரணும். அங்க தப்பு விட்டுட்டு மக்கலைன்னு அழுவாங்க.

வடிகட்டி:
சர்க்கரை, மக்கல், ஈரம்னு எங்க வேணா ஓடுங்க. 0.956.

நொதியன்:
0.12.

வடிகட்டி:
பிஎச் எவ்வளவு?

நொதியன்:
மேல எழுதியிருக்கு, கண்ணாடி போட்டுட்டுப் படிங்க.

ஆலைக்கணக்கு:
ரெண்டும் இல்லை, 0.756.

வடிகட்டி:
உங்களுக்கும் சேர்த்து நாளைக்கு லாரிக் கணக்கை மறுபடி போடறேன். டீசல் உட்பட.